ஜனவரியில் ஒட்டும், ஆகஸ்டில் வெடிக்கும்: சீஸின் தாவரப் பூச்சு சொதப்பினால் எங்கே பார்ப்பது

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்னும் ஊரில் சீஸுக்குப் பூச்சு போட ஆரம்பித்த முதல் வருடம் நான் எழுதிய நோட்டை இப்போது புரட்டினால் சிரிப்பாக இருக்கிறது. ஜனவரிப் பக்கங்கள் முழுக்க "ஒட்டுகிறது" என்று இருக்கும். ஆகஸ்ட் பக்கங்கள் முழுக்க "வெடிக்கிறது". நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தை மாதம்தான் இங்கே இடியும் மழையும். ஆடி முடிகிற நேரத்தில் மலைப்பக்கமிருந்து 'பெர்க் விண்ட்' என்று ஒரு காய்ந்த சூட்டுக்காற்று இறங்கும்; காலையில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். இது தெரியாமல், ஒட்டினாலும் கரைசலில் குற்றம், வெடித்தாலும் கரைசலில் குற்றம் என்று அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூச்சு சொதப்பினால் கரைசல் பாத்திரத்தைக் கடைசியில் பாருங்கள். பூசுவதற்கு முந்தைய நாள் சீஸின் மேல்தோல் எப்படி இருந்தது, பூசிய பிறகு எங்கே வைத்தீர்கள், இந்த இரண்டிலும்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

நான் செய்வது கௌடா என்னும் இறுகிய சீஸ் வகை, 2 கிலோ வட்டுகள். மிட்லண்ட்ஸ் பக்கப் பண்ணைப் பால், நார்த்டேலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. வாங்குபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இங்கே புரட்டாசியைக் கடுமையாகக் கடைப்பிடிப்பார்கள். தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும் என்கிற வீட்டிலும் அந்த மாதம் கறி ஏறாது. "ஆன்ட்டி, மேல்தோலில் ஜெலட்டின் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். ஜெலட்டின் மாட்டிலோ பன்றியிலோ மீனிலோ இருந்து வருவது. கைட்டோசான் என்று இன்னொன்று, சீஸ் பூச்சுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. கடை கௌடாவின் மேலே இருக்கும் மஞ்சள் தோல் பெரும்பாலும் பாலிவினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் பூச்சு. அதை உரித்துத்தான் சாப்பிட வேண்டும். இது எதுவும் வேண்டாம் என்றுதான் கடற்பாசிப் பக்கம் வந்தேன்.

கரைசல் இதுதான், கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சோடியம் ஆல்ஜினேட் 15 கிராம், உணவுத் தர கிளிசரின் 5 கிராம். இரண்டாவது பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு. சீஸை முதலாவதில் முக்கி, வழியவிட்டு, இரண்டாவதில் ஒரு நிமிடம் வைத்தால் கால்சியம் போய்ப் பாசிப்பசையைப் பிடித்து இறுக்கி, மெல்லிய தோலாக்கிவிடும். பாசி என்றதும் சைனா கிராஸ் வாங்கி வந்துவிடாதீர்கள். அது அகர், சிவப்புப் பாசி. சூட்டில் கரைந்து ஆறினால் உறைவது. ஆல்ஜினேட் பழுப்புப் பாசியிலிருந்து வருவது, மண்டபம் பக்கம் சர்காசம் என்று எடுக்கிறார்களே, அந்த இனம். இது உறைவதற்குக் குளிர்ச்சி தேவையில்லை, கால்சியம்தான் வேண்டும். சரி, கோளாறுகளுக்கு வருவோம்.

பூச்சு மொத்தமாகக் கழன்று வருகிறது

கத்தியை வைத்ததும் பாம்பு சட்டை உரிப்பது போல ஒரே துண்டாகத் தோல் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே தொட்டால் நனைந்திருக்கும். முதல்முறை இப்படி ஆனபோது எதிரில் வாங்க வந்தவர் வேறு உட்கார்ந்திருந்தார். "இது இப்படித்தான் உரியும்" என்று சமாளித்து அனுப்பிவிட்டு, மீதி ஐந்து வட்டையும் அன்று இரவே உரித்துப் பார்த்தேன். ஐந்தும் அப்படியே.

காரணம் ஈரம். உப்புநீரிலிருந்து எடுத்த சீஸ் பார்க்கக் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளிருந்து தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் பூச்சு போட்டால் அந்தத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் படலமாக நின்றுவிடும். உப்புநீரிலிருந்து எடுத்த பிறகு 12 முதல் 15 டிகிரி அறையில், மெல்லிய காற்றில், குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், நடுநடுவே திருப்பிப் போட்டுக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். ஒரு டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து, உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். பேப்பரில் ஈரத்திட்டு தெரிந்தால் இன்னும் ஒரு நாள்.

அந்தத் திட்டு வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரிந்து, காய்ந்த பிறகும் போகவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை, கொழுப்பு. சீஸ் சூடான இடத்தில் இருந்திருக்கிறது, நெய் வியர்த்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தண்ணீர்க் கரைசல் எப்படி ஒட்டும்? சீஸைக் குளிரில் வைத்து மேல்தோல் இறுகிய பிறகு, உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மறுபடி காயவிட்டுப் பூசுங்கள். கரைசலும் சீஸும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கட்டும்.

மூன்றாவது காரணம் என் சொந்தக் கண்டுபிடிப்பு, சொல்லவே வெட்கம். பூஞ்சை வராமல் இருக்கட்டும் என்று பூசுவதற்கு முன் சீஸை வினிகரால் துடைத்தேன். பூச்சு தோலாகப் பிடிக்கவில்லை. வெள்ளைப் பொடிமணி போலத் திரிந்து திட்டுத்திட்டாக நின்றது. கடும் புளிப்பு பட்டால் ஆல்ஜினேட் திரிந்து பிரிந்துவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்தது போல. வினிகர் துடைப்பு வேண்டுமென்றால் பூசுவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கழன்ற பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு போட்டு ஒட்டவைக்கலாமா என்று கேட்காதீர்கள். முழுக்க உரியுங்கள், துடையுங்கள், காயவையுங்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கரைசல் கட்டி கட்டியாக நிற்கிறது, அல்லது குமிழியாக இருக்கிறது

தண்ணீரில் பொடியைக் கொட்டினால் ரவை உப்புமாவில் கட்டி விழுவது போல விழும்; வெளியே பசை, உள்ளே காய்ந்த பொடி. பொடியை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, மிக்ஸி ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அப்புறம் மூடி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். கட்டியும் கரையும், குமிழியும் மேலே வந்து போய்விடும். இந்த ஓர் இரவைத் தவிர்க்கக் குறுக்குவழி தேடி நான் தோற்றேன். குமிழியோடு பூசினால் ஒவ்வொரு குமிழியும் காய்ந்த பின் ஊசித்துளை ஆகும். அந்தத் துளை என்ன செய்யும் என்பதைப் பூஞ்சைப் பகுதியில் பாருங்கள்.

பொடி சேர்த்ததுமே தண்ணீர் கூழாகத் திரண்டால் அது கடினத் தண்ணீர், பெரும்பாலும் போர் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வேறு தண்ணீர் எடுங்கள். சீஸை முக்கிய கை கால்சியத் தண்ணீரிலும் பட்டு, அதே கையோடு முதல் பாத்திரத்துக்குத் திரும்பினாலும் இதே கதைதான். இரண்டு கரண்டி, இரண்டு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சு வெடிக்கிறது, ஓரத்தில் செதில் செதிலாக எழும்புகிறது

இது ஆகஸ்ட் கோளாறு. பாசித்தோலோ ஸ்டார்ச் தோலோ, இரண்டும் வளைவது அதற்குள் இருக்கும் கொஞ்சம் தண்ணீரால். பெர்க் விண்ட் அடிக்கிற நாளில் அந்தத் தண்ணீரும் போய்விட்டால் தோல் அப்பளமாகிவிடும். கிளிசரின் சேர்ப்பதே தோலைத் தளர்வாக வைக்கத்தான். குளிர்காலத்தில் நான் 15 கிராம் பாசிக்கு 5 கிராம் என்பதைக் கொஞ்சம் கூட்டி 6 கிராம் ஆக்குகிறேன். அதற்கு மேல் போனால் ஜனவரிக் கோளாறு ஆகஸ்டிலேயே வந்துவிடும்.

ஆனால் கிளிசரினைக் கூட்டுமுன் சீஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் உள்ளே விசிறி இருக்கிறது. ஐஸ் கட்டாமல் இருப்பதற்காக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விசிறி வாய்க்கு நேரே இருக்கும் வட்டில் மட்டும் வெடிப்பு, பின்னால் இருப்பதில் இல்லை என்றால் கரைசலுக்கு இதில் பங்கே இல்லை. மூடியுள்ள டப்பாவில், மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். பக்கத்தில் ஈரத்துணி போட்ட ஒரு கிண்ணம். அறையில் முதிரவைப்பவர்கள் காற்றின் ஈரம் 80 முதல் 85 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கொரு ஈரமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

ஸ்டார்ச் பூச்சு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சோளமாவுக் கஞ்சி பூசினால் முதல் வாரம் பட்டுப் போல இருக்கும், மூன்றாவது வாரம் வெடிக்கும். பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துப் போகிறதே, அதே காரியம்தான். வெந்த ஸ்டார்ச் குளிரில் மறுபடி இறுகி, தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. கிளிசரின் தாமதப்படுத்தும், தடுக்காது. நீண்ட நாள் வைக்கும் சீஸுக்கு ஸ்டார்ச்சைத் தனியாக நம்பாதீர்கள்.

மேலே பிசுபிசுவென்று ஒட்டுகிறது

ஜனவரி. இதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் அநாகரிகமானது: பூஞ்சை எதுவும் இல்லாத சுத்தமான இடமாகப் பார்த்து, விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள்.

இனித்தால் கிளிசரின் அதிகம். கசப்பும் உப்பும் கலந்து சுருக்கென்று இருந்தால் கால்சியம் குளோரைடு மிச்சம். ஒன்றுமே தெரியாமல் வெறும் தண்ணீராக இருந்தால் பனித்தண்ணீர்.

கால்சியம் குளோரைடுதான் நான் அதிக நாள் கண்டுபிடிக்காமல் விட்டது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் பொருள். அதன் பாக்கெட்டைத் திறந்துவைத்து மறந்தவர்களுக்குத் தெரியும், மறுநாள் குழம்பாக நிற்கும். இரண்டாவது பாத்திரத்திலிருந்து எடுத்த சீஸை அப்படியே காயவைத்தால் தோலின் மேல் அந்த உப்பு படிந்து, மழைக்காலம் முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எடுத்தவுடன் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு விநாடி முக்கி எடுங்கள். அவ்வளவுதான். நான் ஒரு முழுக் கோடைக்காலத்தை இந்த இரண்டு விநாடி தெரியாமல் கழித்தேன்.

பனித்தண்ணீர் கணக்கு வேறு. 5 டிகிரியில் இருந்த சீஸை 28 டிகிரி, ஈரம் 80 சதவீதம் உள்ள அடுப்படியில் கொண்டுவந்து வைத்தால், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல வியர்க்கும். அந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும். பூச்சு அந்தத் தண்ணீரைக் குடித்து வீங்கும். துடைத்தால் கையோடு வரும். தொடாதீர்கள். டப்பாவோடு எடுத்து, டப்பாவுக்குள்ளேயே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் திறங்கள். வியர்வை டப்பாவின் வெளியே போகட்டும்.

இங்கே மின்வெட்டு இருந்த காலத்தில் இதை நாள்தோறும் பார்த்தேன். 2023ல் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை போகும். ஒவ்வொரு முறையும் ஃபிரிட்ஜ் சூடேறும், மறுபடி குளிரும், ஒவ்வொரு சுற்றிலும் சீஸ் கொஞ்சம் வியர்க்கும். திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும். வீட்டில் யார் கேட்கிறார்கள்? கதவில் பேப்பர் ஒட்டினேன், பயன் இல்லை. கடைசியில் சீஸுக்குத் தனியாகப் பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி, அடியில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன். மின்வெட்டு போய்விட்டது, அந்த ஃபிரிட்ஜ் அப்படியே இருக்கிறது. ஒரே கதவை நாள் முழுக்க எல்லோரும் திறந்து மூடாமல் இருப்பதே பாதி மருந்து.

பூஞ்சை

எங்கே பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் சாட்சியை அழித்தது போல.

கோடு கோடாக, கட்டம் கட்டமாகப் பூத்திருந்தால் அது கம்பித் தட்டின் அச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போது தட்டில் வைத்தீர்கள். கம்பி பட்ட இடத்தில் பூச்சு மெலிந்துவிட்டது. பூசிய முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை இடம் மாற்றி வையுங்கள், அல்லது முதலில் ஒரு பக்கம், காய்ந்த பின் மறுபக்கம் என்று பூசுங்கள்.

மேல் விளிம்பைச் சுற்றி வளையமாகப் பூத்தால், விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பசை எப்போதும் கூர்மையிலிருந்து வழிந்து இறங்கிவிடும், அங்கே படலம் மெல்லியது. அச்சிலிருந்து எடுத்த சீஸின் விளிம்பைக் கத்தியால் சீவி, விரலால் தேய்த்து உருட்டிவிடுங்கள்.

ஊசி முனை அளவில் பரவலாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் குமிழித் துளைகள், மேலே சொன்னேனே, அந்த ஓர் இரவு. லேபிளைச் சுற்றி மட்டும் என்றால் லேபிளின் காகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

பூச்சுக்கு மேலே பூத்ததா, அடியில் பூத்ததா? உப்புநீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் முழுதாகப் போய், கீழே பூச்சு பளபளவென்று தெரிந்தால் மேலே பூத்தது. பயமில்லை; துடைத்து, காயவைத்து, இடத்தை மாற்றுங்கள். துடைத்தும் நீலமோ பச்சையோ பூச்சுக்கு அடியில் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரிந்தால், பூசும்போதே வித்து சீஸின் மேல் உட்கார்ந்திருந்தது. பூச்சுக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி கிடையாது. உள்ளே மாட்டியதை அது பத்திரமாகப் பொத்தி வளர்க்கும், அவ்வளவே. கௌடா போல இறுகிய சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அதற்குக் கீழும் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். வெட்டும்போது கத்தி பூஞ்சையில் படக்கூடாது.

வித்து எங்கிருந்து வந்தது? என் வீட்டில் அது இட்லி மாவு. பூஞ்சை இல்லை, ஈஸ்ட். சீஸின் மேல் வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த ஆடை போல வரும், பழ வாசனை அடிக்கும். மாவு பொங்குகிற அறையிலேயே சீஸைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். மாவை அடுப்படிக்கு மாற்றியதும் குறைந்தது. அதேபோலப் பழைய ரொட்டி, ஓரத்தில் அழுகிய ஆரஞ்சு, வெங்காயச் சாக்கு, இவை எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

கிராம்பு எண்ணெய், தைம் எண்ணெய் கலந்தால் பூஞ்சை வராது என்று நிறையப் பேர் சொல்வார்கள். உண்மை இல்லாமல் இல்லை. கிராம்பிலுள்ள யூஜினால் பூஞ்சையை அடக்கும். ஆனால் சீஸ் கொழுப்பு நிறைந்தது. எண்ணெய்ச் சாரம் கொழுப்புக்குள் இறங்கிவிடும், மேல்தோலில் வேலை செய்ய மிச்சம் இருக்காது. வேலை செய்யும் அளவு போட்டால் சீஸ் பல்வலி மருந்து போல மணக்கும். என் சீஸை வாங்கியவர் ஒருவர் "கிராம்பு பிரியாணிக்கு, ஆன்ட்டி" என்றார். விட்டுவிட்டேன்.

தொழிலாகச் செய்பவர்கள் நாட்டமைசின் என்னும் பூஞ்சைத் தடுப்பு மருந்தைப் போடுவார்கள். இதில் நான் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. இந்த மருந்தைத் தரும் நுண்ணுயிரியை 1955ல் கண்டெடுத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து மண்ணில்தான். அதனால்தான் நேட்டால் மாகாணத்தை வைத்து அந்த நுண்ணுயிரிக்கு நட்டாலென்சிஸ் என்றும், ஊரை வைத்து மருந்துக்குப் பிமாரிசின் என்றும் முதலில் பெயர். உலகம் முழுக்க சீஸ் தோல்களில் என் வீட்டுக் கொல்லைமண்ணின் பெயர் இருப்பதில் எனக்கொரு அற்பப் பெருமை. அது பூஞ்சையையும் ஈஸ்டையும் மட்டும் தடுக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுச் சட்டத்தில் அளவைப் பார்த்து, லேபிளில் எழுதிப் போடுங்கள். அது தாவரம் இல்லை என்பதால் நான் போடுவதில்லை.

கொப்புளம், ஊதல்

கொப்புளத்தைச் சுட்டு ஆறவைத்த ஊசியால் குத்துங்கள். தண்ணீர் வந்தால் காயாத சீஸ்; முதல் கோளாறின் தம்பி. காற்று வந்து, வட்டு மட்டும் நல்ல வாசனையோடு இறுகலாக இருந்தால், முதிரும் சீஸ் விடுகிற வாயுவுக்கு வழி இல்லை, பூச்சு தடிமன். ஒரு முறை முக்குவது போதும்.

வட்டே பந்து போல ஊதி, வெட்டினால் வெடிப்பும் ஓட்டையுமாக, கெட்ட வெண்ணெய் நாற்றம் அடித்தால் அது பூச்சின் கோளாறே இல்லை. பாலில் வந்த கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், பெரும்பாலும் பண்ணையில் சைலேஜ் என்னும் புளிக்கவைத்த தீவனம் போடும் மாதங்களில் வரும். பால்காரரிடம் பேச வேண்டிய விஷயம். செய்த இரண்டு நாளுக்குள்ளேயே பஞ்சு போல ஊதினால் சுத்தக் குறைவு. அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்கு.

கசக்கிறது

தோலை உரித்துவிட்டு உள்ளே மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். உள்ளேயும் கசந்தால் சீஸ் முதிர்ந்த விதத்தில் கோளாறு, பாலைத் திரிக்கப் போடும் ரென்னட் அதிகமாகியிருக்கலாம். தோல் மட்டும் கசந்தால் கால்சியம் குளோரைடு. அலசுங்கள், அல்லது கால்சியம் லாக்டேட்டுக்கு மாறுங்கள். அதில் கசப்பு குறைவு.

பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, சீஸ் மட்டும் காய்ந்து எடை குறைகிறது

பாசித்தோல் ஈரத்தைத் தடுக்கும் என்று நினைப்பது நியாயமான தப்பு. அது தண்ணீரை விரும்புகிற பொருள். உலர்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரத்தை அல்ல. பூசிய அன்று ஒவ்வொரு வட்டின் எடையையும் எழுதி, வாரா வாரம் அதே தராசில் வையுங்கள். எழுதாவிட்டால் இந்தக் கோளாறு கண்ணுக்கே தெரியாது, சீஸை வெட்டும்போது தோலடியில் விரல் அகலத்துக்குக் காய்ந்த வளையமாகத்தான் தெரியவரும்.

ஈரத்தைத் தடுக்க மெழுகு வேண்டும். தாவர மெழுகில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. கார்னௌபா, பிரேசில் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். கேண்டலில்லா, மெக்சிகோப் பக்கத்துப் புதர். 70 டிகிரி அருகே உருகும். பால் கொழுப்போ 40 டிகிரியிலேயே முழுக்க உருகிவிடும். அதனால் சூடான மெழுகில் வெறும் சீஸை முக்கினால் நெய் வழிந்து மெழுகு நழுவும். நான் செய்வது: பாசித்தோல் முழுக்கக் காய்ந்து, சீஸ் நன்றாகக் குளிர்ந்த பிறகு, கேண்டலில்லாவைக் கொஞ்சம் எண்ணெயோடு சேர்த்துத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, தூரிகையால் ஒரே இழுப்பாக மெல்லியதாகப் பூசுவது. நேரடித் தீயில் மெழுகை வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். எண்ணெய் சேர்க்காவிட்டால் மெழுகு கண்ணாடி போல உடையும்; அதிகம் சேர்த்தால் எண்ணெய் நாளாவட்டத்தில் காறும். புதிய எண்ணெயாக இருக்கட்டும்.

பன்னீருக்கும் இதைப் போடலாமா

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பன்னீரில் பாதிக்கு மேல் தண்ணீர். அது பூச்சுக்கு அடியில் கசிந்துகொண்டே இருக்கும், பூச்சு நிற்காது. நின்றாலும் நான் போட மாட்டேன். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். மெத்தென்ற, ஈரமான, அவ்வளவாக உப்பில்லாத பொருள்தான் அதற்குப் பிடித்த இடம். 2017லும் 2018லும் இந்த நாட்டில் போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சி மூலமாக அது பரவி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பூச்சு போட்ட பன்னீர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரிவது நல்லது.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா கேட்டபோதும் இதையே சொன்னேன். "அப்போ மிச்ச பன்னீரை என்ன செய்ய?" என்றார். இரண்டு மூன்று நாளில் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், முடியாவிட்டால் துண்டு போட்டு உறையவைத்துவிடுங்கள் என்றேன். அன்று சாயந்திரமே ஒரு கிண்ணம் பட்டாணிக் குழம்பு வந்தது.